கேரவன் ஏசி: கேஸ் ஏற்றச் சொல்வதற்கு முன்பு

சென்னை வியாசர்பாடியில் எங்கள் பட்டறை வாசலில் கேரவன் வந்து நின்றதும் ஓட்டுநர் தம்பிகள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான். "அண்ணே, கேஸ் கம்மியாயிடுச்சு போல. கொஞ்சம் ஏத்தி வுடுங்க." நான் சிலிண்டர் பக்கமே போகமாட்டேன். முதலில் உள்ளே ஏறி ஏசியின் மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. ரோட்டுப் புழுதியும், மேக்கப் பவுடரும், ஹேர் ஸ்ப்ரேயும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக் கிடக்கும். குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டிய பிறகு எத்தனையோ வண்டிகள் கேஸ் ஏற்றாமலேயே நன்றாகக் குளிர்ந்து திரும்பிப் போயிருக்கின்றன.

நான் இந்த வேலைக்கு வந்தது காசிமேட்டிலிருந்து. என் மாமா மீன் ஏற்றும் குளிர்பெட்டி வண்டிகளுக்கு மெக்கானிக். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத்தான் பழகினேன். அங்கே கற்றது இன்றைக்கும் கை கொடுக்கிறது: வீட்டுச் சுவரில் மாட்டிய ஏசி ஆடாமல் அசையாமல் நிற்கும், வண்டியில் இருப்பது குலுங்கும், சாயும், வெயிலில் நேராகக் காயும், தனக்கு வேண்டிய கரன்டையும் கூடவே சுமக்கும். கேரவன் ஏசியில் வரும் கோளாறுகளைப் பார்த்தால் அநேகமாக இந்த நான்கில் ஒன்றில்தான் போய் நிற்கும். சினிமா கேரவனோ, குடும்பத்தோடு ஏற்காடு போக நீங்களே வேனை மாற்றிக் கட்டியதோ, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கேஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. கம்ப்ரஸர் அழுத்த, வெளிக் காயிலில் சூட்டை விட, உள் காயிலில் சூட்டை வாங்க என்று அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ வெளியே போகிறது என்று அர்த்தம். போகும் இடத்தை அடைக்காமல் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஒரு வண்டிக்கு ஒரே வருடத்தில் நான்கு தடவை வேறு ஏதோ ஒரு கடையில் கேஸ் ஏற்றியிருந்தார்கள். ஐந்தாவது தடவை என்னிடம் வந்தது. மக்கில் சோப்புத் தண்ணீரை நுரை வரக் கலக்கி, பழைய பிரஷ்ஷால் அவுட்டோர் யூனிட்டில் பைப்பின் விரித்த நுனியை இறுக்கிப் பிடிக்கும் ப்ளேர் நட்டின் மேல் தடவினேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. ஓட்டுநர் தம்பி எழுந்து டீ வாங்கப் போனான். அப்புறம் நட்டின் அடி ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழ் வந்தது. மெல்ல மிளகளவு ஆனது. உடைந்தது. அதே இடத்தில் மறுபடி ஒரு கடுகு. நான்கு தடவை செலவழித்த பணமெல்லாம் அந்த ஓரம் வழியாகத்தான் போயிருக்கிறது. காரணமும் பக்கத்திலேயே இருந்தது. செம்புப் பைப்பைக் கம்பி இழுத்த மாதிரி நேராக, இறுக்கமாகப் போட்டிருந்தார்கள். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் பறித்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் அந்தக் குலுக்கல் முழுவதும் நட்டின் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது. பைப்பின் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து ப்ளேர் எடுத்து, அவுட்டோருக்குப் பக்கத்தில் பைப்பை ஒரு சுற்று வளையமாகச் சுற்றி, ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டேன். இரண்டு கத்திரி தாண்டிவிட்டது. அந்த வண்டிக்கு இன்னும் கேஸ் ஏற்றவில்லை.

உங்கள் வண்டியில் புதிதாக ஏசி மாட்டுகிறார்கள் என்றால் அந்த வளையத்தைக் கேட்டு வாங்குங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை, ஒன்றிரண்டு அடிப் பைப் கூடும். கேஸ் உண்மையிலேயே போயிருந்தால் மெக்கானிக் செய்ய வேண்டியது இதுதான்: நைட்ரஜன் ஏற்றி லீக் பார்ப்பது, லீக்கை அடைப்பது, வாக்யூம் பம்பைப் போட்டுப் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது, கடைசியாக யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் கணக்கைத் தராசில் வைத்து ஏற்றுவது. "கை மதிப்புல போடலாம் சார்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றி லீக் பார்க்கிற ஆளாக இருந்தால் வண்டியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். கம்ப்ரஸர் ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். அதேபோல, இப்போது வரும் பல ஏசிகளில் ஆர்32 கேஸ். பழைய ஆர்22 தீப்பிடிக்காது, ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும். பைப்பில் கேஸ் இருக்கும்போது பற்றவைப்பு வேலை செய்யக்கூடாது. கேரவன் மாதிரி சின்ன இடத்தில் அதற்கு விலக்கே கிடையாது.

கேஸ் சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு தடவையும், வெளியே வீசும் இடத்தில் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. அப்படியிருந்தும் வண்டி குளிரவில்லை என்றால் சூடு வேறு வழியில் உள்ளே வருகிறது. வித்தியாசம் 4, 5 டிகிரிதான் என்றால் ஃபில்டர், வெளிக் காயில், ஃபேன், வோல்டேஜ், கடைசியாகக் கேஸ் என்ற வரிசையில் தேடுங்கள். உள் காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருக விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுக்கப் போய்க் காயிலையே ஓட்டை போட்ட வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

கரன்ட் கணக்கு

1.5 டன் ஏசி ஓடும்போது சுமார் 1.6 கிலோவாட் எடுக்கும், அதாவது 7 ஆம்பியர் போல. பழைய மாடலாக, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் இல்லாத கம்ப்ரஸராக இருந்தால் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு அதைப்போல் ஐந்து மடங்கு இழுக்கும். 5 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் கைக்குக் கிடைப்பது சுமார் 4 கிலோவாட். காகிதத்தில் இரண்டு ஏசியும் ஓடும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கிவிட்டு ட்ரிப் ஆகும். ஒன்றைப் போடுங்கள், இரண்டு நிமிடம் விடுங்கள், அப்புறம் அடுத்தது. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டக்‌ஷன் அடுப்பையும் ஹேர் ட்ரையரையும் சேர்க்காதீர்கள். ஒரு முறை நின்றுபோன ஏசியை உடனே ஆன் செய்யவும் கூடாது. உள்ளே இரண்டு பக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். அதற்குள் தட்டினால் கம்ப்ரஸர் திக்கும், சூடாகும், ஒரு நாள் நின்றே போகும்.

ஏசி வாங்கும்போது இன்வர்ட்டர் ஏசியாக வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். மெதுவாகக் கிளம்பும், ஜெனரேட்டரை அடிக்காது, குளிர்ந்த பிறகு கரன்டையும் குறைத்துக்கொள்ளும். நன்றாக இன்சுலேஷன் செய்த ட்ராவலர் வேன் அளவு வண்டிக்கு 1 டன் போதும். டன் கூடினால் நல்லது என்ற நினைப்பு நம் ஊரில் எடுபடாது. கடல் பக்கத்து ஊர், காற்றில் ஈரம் அதிகம். பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. உள்ளே ஜில்லென்றும் இருக்கும், கசகசவென்றும் இருக்கும்.

பேட்டரியில் ஓட்டலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓட்டலாம், கணக்கைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1.28 கிலோவாட்-மணி. 1 டன் ஏசி முழு வேகத்தில் ஒரு கிலோவாட் எடுத்தால், பேட்டரி கரன்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றும் இன்வர்ட்டர் பெட்டியில் போகும் நஷ்டத்தையும் கழித்து, ஒரு மணி நேரம் சொச்சம். குளிர்ந்த பிறகு ஏசி வேகம் குறைத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். இரவு முழுக்கத் தூங்க வேண்டுமானால் அதுபோல நான்கைந்து பேட்டரி வேண்டும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆகவே அதைவிட இரண்டு மடங்கு.

சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி ஒயர் இழுத்துப் போடுகிறீர்கள் என்றால் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். ஒயர் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர், தூரம் கூடினால் 4. டிரம்மில் சுற்றிய ஒயரை முழுவதும் பிரித்துத் தரையில் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். கத்திரி மாத இரவுகளில் தெரு முழுக்க ஏசி ஓடும், வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கும் இடங்கள் உண்டு. நல்ல ஸ்டெபிலைசர் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பாடிக்குக் கண்டிப்பாக எர்த் வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கரன்ட் கசிந்தாலே தானாக விழும் ஆர்சிசிபி சுவிட்சும் வேண்டும். மழையில் நனைந்த காலோடு இரும்பு வண்டியின் கைப்பிடியைத் தொடப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கூரை ஏசியாக இருந்தால் தகட்டைப் படித்துவிட்டு மாட்டுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது.

இதை மட்டும் மறக்காதீர்கள்

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சு முட்டுகிற மாதிரியும் இருக்காது. தலை வலிக்கும், அசதியாக இருக்கும், தூக்கம்தான் வருகிறது என்று நினைத்துப் படுப்பார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு வண்டியின் அடியிலும் படுத்துப் பார்த்தேன். சைலன்ஸர் பைப்பின் வாய் தரையைப் பார்த்தபடி, வண்டியின் அடியிலேயே முடிந்திருந்த வண்டிகள் இருந்தன. புகை அடியில் தேங்கி, ஒயர் போகும் ஓட்டை வழியாகவும் டாய்லெட் பைப் ஓட்டை வழியாகவும் மேலே ஏறும். பைப்பின் வாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும். கதவு, ஜன்னல், அவுட்டோர் யூனிட் இருக்கும் பக்கத்தில் வரக்கூடாது. தரையில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் சீலன்ட் வைத்து அடையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில், தலை வைக்கும் உயரத்தில் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சுவரை ஒட்டியோ, மூடிய ஷெட்டுக்குள்ளோ நிறுத்தி ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே வேண்டாம் என்பது என் முடிவு. ஓட்டுநர் தம்பிகள்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவை மூடிக்கொண்டு இப்படித் தூங்குகிறார்கள். உங்கள் வண்டியில் வேலை செய்பவர் இருந்தால் இதை அவரிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

உப்பும் புழுதியும்

அவுட்டோர் யூனிட்டின் காயிலில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் தொடர்ந்து நின்ற வண்டிகளில் அந்தத் தகடுகளை விரலால் தொட்டால் பொரித்த அப்பளம் மாதிரி உதிரும். கடற்காற்றின் உப்பு தின்றுவிடுகிறது. அலுமினியம் போனால் செம்புப் பைப் சூட்டை வெளியே விட வழியில்லாமல் தவிக்கும், கரன்ட் கூடும், குளிர் குறையும். கடலோரம் நின்று வந்த வண்டியை அன்றைக்கோ மறுநாளோ நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் உதவாது, மெட்ரோ தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கழுவும் விதம்: ஏசிக்குக் கரன்ட் போகும் எம்சிபி சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். அவுட்டோரின் வெளிக்கூட்டைக் கழற்றுங்கள். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் வாக்கிலேயே மேலிருந்து கீழாக இழுங்கள், குறுக்கே இழுத்தால் தகடு மடியும். அப்புறம் சாதாரண ஹோஸில், விரலை வைத்து அழுத்தாமல், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். புழுதி உள்ளே வந்த வழியாகவே திரும்பிப் போகும். மணலி, எண்ணூர் சாலைகளில் ஓடும் வண்டியில் டீசல் கரி எண்ணெய்ப் பசையாக ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும். ஆசிட் வேண்டாம். கெப்பாசிட்டர், சர்க்யூட் போர்டு இருக்கும் பக்கத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கட்டுங்கள். அந்தக் கெப்பாசிட்டரைக் கையால் தொடாதீர்கள், கரன்டை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். அதன் தலை உப்பியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.

ஃபில்டரை, ஓடும் காலத்தில் வாரம் ஒரு முறை கழுவுங்கள். வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். வண்டிக்குப் போதாது.

குலுங்கும் வண்டி என்பதால் மாதம் ஒரு நாள் ஸ்பேனரோடு ஒரு சுற்று வர வேண்டும். அவுட்டோரைத் தாங்கும் ஸ்டாண்ட் போல்ட்டுகள், அதன் கீழே இருக்கும் ரப்பர், ஃபேனின் நடு நட்டு, கனெக்டரில் ஒயர் முறுக்கிய ஸ்க்ரூ. கூரை ஏசியில் கூரைக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் இருக்கும். அந்த நான்கு போல்ட்டும் தளர்ந்தால் மழை உள்ளே சொட்டும். அதிகமாக முறுக்கினாலும் ஸ்பாஞ்ச் நசுங்கி அதே கதைதான். சமமாக, குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

தண்ணீர் சொட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. உள்ளே ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் விழுகிறது என்று வந்த வண்டிகளில் பாதிக்குக் கோளாறே கிடையாது, சாய்வாக நிறுத்தியிருப்பார்கள். காயிலில் சேரும் தண்ணீர் ஒரு தட்டில் விழுந்து ட்ரெயின் பைப் வழியாகப் போக வேண்டும். பைப் இருக்கும் பக்கம் உயர்ந்து நின்றால் தட்டு நிரம்பி வழியும். மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பாருங்கள், சாய்வு தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து ஏற்றி நிறுத்துங்கள். நேராக நின்றும் சொட்டினால் பைப்பில் பாசி அடைத்திருக்கும், ஒரு மக் தண்ணீரை மெதுவாகத் தட்டில் ஊற்றி, கீழே வருகிறதா என்று பாருங்கள்.

வண்டியைப் பயன்படுத்தும் பழக்கத்தில் இரண்டு மூன்று சொல்கிறேன். உச்சி வெயிலில் மூடிக் கிடந்த வண்டியில் ஏறியதும் ஏசி போடாதீர்கள். எல்லா ஜன்னலையும் கூரை மூடியையும் திறந்து ஐந்து நிமிடம் சூட்டை வெளியேற்றிவிட்டு அப்புறம் மூடிப் போடுங்கள். முன்கண்ணாடிதான் பெரிய அடுப்பு. வெள்ளி நிற ஷீட்டால் மூடி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனத்த திரை தொங்கவிடுங்கள். மதியத்துக்கு மேல் நிற்பதானால் வண்டியின் பின்பக்கம் மேற்கைப் பார்க்கட்டும். அவுட்டோரின் காற்று வெளியேறும் வாய்க்கு முன்னால் சுவரோ இன்னொரு வண்டியோ நெருக்கமாக இருக்கக்கூடாது, விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கும். 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு, எதில் வைத்தாலும் முதல் அரை மணி நேரம் இயந்திரம் முழு பலத்தில்தான் ஓடும். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை பெற்ற வீட்டு ஏசிகள் ஆன் செய்ததும் 24இல் நிற்கும்படி அரசு விதி இருக்கிறது. அங்கேயே விட்டுவிட்டு ஒரு சின்ன ஃபேனையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்துவதற்கு முன் 15 நிமிடம் ஃபேன் மட்டும் ஓடட்டும். காயில் உலர்ந்துவிடும், மறுநாள் ஏறும்போது ஊறின துணி வாடை வராது.

கூரையில் ஏசி ஏற்றியவர்கள் வண்டியின் முழு உயரத்தையும் டேப் வைத்து அளந்து, ஸ்டியரிங்குக்கு எதிரே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆர்சி புத்தகத்து உயரத்தில் அந்த யூனிட் சேர்ந்திருக்காது. வடசென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ரயில்வே சப்வே. ஏசியின் தலையைச் சப்வேயில் சிராய்த்துக்கொண்டு வந்த வண்டிக்கு வேலை பார்த்திருக்கிறேன், மூடி மட்டுமல்ல, காயிலே மடங்கியிருந்தது. மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வே மாதிரி இடங்களில் தண்ணீர் நிற்கும்போது கேரவனை இறக்கவே கூடாது. ஜெனரேட்டர் வண்டியின் அடியில்தான் இருக்கிறது. மிக்ஜாம் புயலில் மூழ்கிய ஜெனரேட்டரை, வெளியே காய்ந்துவிட்டது என்று ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் இன்ஜினையும் சேர்த்து இழந்தார்கள். மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டு வாருங்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியை வாட்டர் சர்வீஸ் விடுவார்கள். அப்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அந்தப் பிரஷர் தண்ணீர் அவுட்டோர் காயிலில் நேராகப் பட்டால் தகடுகள் எல்லாம் பாய் சுருட்டின மாதிரி மடங்கும், அப்புறம் சீப்பு வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். பூஜை முடிந்து கொஞ்ச நாளில் வடகிழக்கு மழை தொடங்கிவிடும் என்பதால் அன்றைக்கே மழை வேலையையும் முடித்துக்கொள்ளலாம். கூரை சீலன்ட்டில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். ஒயர் நுழையும் இடங்களில் ஓட்டையின் ஓரத்தை மூடும் கிராமெட் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். அவுட்டோர் கூட்டைத் திறந்து சர்க்யூட் போர்டின் மேல் பல்லியோ எறும்புக் கூடோ இருந்தால் சுத்தம் செய்யுங்கள், மழைக்குச் சூடான இடம் தேடி அவை அங்கேதான் போகும். மழை மாதங்களில் வண்டி சும்மா நின்றாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஜெனரேட்டரைப் போட்டு, ஏசியை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பைப்புக்குள் ஆயில் ஒரு சுற்று வரும், எங்காவது ட்ரெயின் அடைத்திருந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.